நத்தைக்கு வைத்த இலை

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்ட பிறகு எங்கள் கொடிக்காலில் நத்தை விழுந்தது. எழுபதுகளின் கடைசி அது. பெரியவளுக்கு அப்போது மூன்று வயது. சின்னவன் பிறக்கவே இல்லை. அதனால் உங்கள் இரண்டு பேருக்குமே இது நினைவில் இருக்க வழியில்லை. அப்போது நம் வீட்டில் இருந்த நாயைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். இப்போது உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கொடிக்கால் என்பது வெற்றிலைத் தோட்டம். அகத்தி மரத்தை வரிசையாக வளர்த்து அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டியிருப்போம். நடுநடுவே வாய்க்கால். தண்ணீர் எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கும். வெயில் உள்ளே பொட்டுப் பொட்டாகத்தான் விழும். மதியத்தில் உள்ளே போனால் மனுஷனுக்கே தூக்கம் வரும். நத்தைக்குக் கேட்க வேண்டுமா? பகலெல்லாம் சருகுக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். இருட்டினதும் ஏறிவிடும். முதுகில் ஓடு உள்ளதும் உண்டு, ஓடே இல்லாமல் வழவழவென்று விரல் நீளத்துக்கு இருப்பதும் உண்டு. இரண்டும் தின்பது தளிரைத்தான். விடிந்து போய்ப் பார்த்தால் புதுக் கொழுந்தெல்லாம் சல்லடை. ஓட்டை விழுந்த வெற்றிலையைக் கவுளியில், அதாவது எண்ணிக் கட்டுகிற இலைக் கட்டில், வைத்துக் கட்ட முடியாது. தாம்பூலத்துக்கு யாரும் தொடமாட்டார்கள்.

கொடிக்காலுக்குள் நாங்கள் செருப்புப் போட்டுப் போவதில்லை. அதை ஒரு கோயில் மாதிரி வைத்திருப்போம். வளர்பிறை வெள்ளிக்கிழமைகளில் உங்கள் அம்மா தலைக்குக் குளித்து, அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து உருண்டை பிடித்து, தோட்டத்தின் நாலு மூலையிலும் பூவரச இலை போட்டு அதன் மேல் வைப்பாள். காவல் சாமிக்கு. சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அவள் இந்தப் பக்கம் திரும்பினதும் அந்தப் பக்கம் நாய் போய் நாலு மூலையையும் நக்கித் துடைத்துவிட்டு வரும். யாரும் அதட்டமாட்டோம். காவல் சாமிக்கு நாய்தானே துணை. "காவக்காரன் சாப்பிட்டாச்சு" என்று சிரித்துக்கொள்வோம். சில வெள்ளிக்கிழமை நாய் வர நேரமானால் உங்கள் அம்மா வாசலில் நின்று கூப்பிடக்கூடச் செய்வாள்.

நாய்க்குப் பேர் கிடையாது. "ஏலே" என்றால் வரும். செம்பழுப்பு நிறம், ஒரு காது மடங்கினது, சாதாரண நாட்டு நாய். வண்டித் தடத்தில் போகிறவர்களைக் குரைத்து வம்பிழுக்கும் என்பதால் ராத்திரி வாசல் வேப்பமரத்தில் கட்டிவைப்போம். விடிந்ததும் அவிழ்த்துவிட்டால் நேரே கொடிக்காலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வேறு வேலை. பெரியவளே, நீ நடை பழகினதே அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

உங்கள் தாய்மாமன் அப்போது மேலே மலையில், கேரளப் பக்கம், ஒரு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை கீழே இறங்கி வருவார். நத்தை வந்திருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது துண்டில் முடிந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் வெள்ளையாக ஒரு பொடி.

"மச்சான், இத வச்சுப் பாருங்க. மேல ஏல நாத்தங்கால்ல இதத்தான் வைக்கிறோம். விடிஞ்சு பாத்தா ஒச்சு அங்கங்க சுருண்டு கெடக்கும்."

"ஒச்சா? அது என்னலே ஒச்சு?" என்றாள் உங்கள் அம்மா.

"நத்தைதான்க்கா. அங்கன மலையாளத்துக்காரக அப்படித்தான் சொல்லுவாக. கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வந்திருச்சு."

"பொண்ணு பாக்கப் போற எடத்துல இப்படிப் பேசி வைக்காத. மாப்பிள்ள எந்த ஊருன்னு முழிக்கப் போறாக."

"பொண்ணு பாருக்கா மொதல்ல, பேச்ச நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

பிறகு கலக்கும் விதத்தைச் சொன்னார். தவிடும் வெல்லமும் சேர்த்து, இந்தப் பொடியைக் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். வெல்ல வாடைக்கு நத்தை தேடி வரும். மண்ணில் நேரே வைத்தால் ஈரம் ஏறிக் கரைந்துவிடும், அதனால் இலை போட்டு அதன் மேல் வைக்க வேண்டும். பொழுது சாயும்போது வைக்க வேண்டும். "கலக்குன கைய நல்லாக் கழுவிருக்கா. பிள்ளைய கிட்ட விட்றாத" என்றும் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொன்னார், தப்புச் சொல்ல முடியாது. நாயைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மருந்தின் பேரே போதும். நத்தை மருந்தென்றால் நத்தைக்கு, எலி மருந்தென்றால் எலிக்கு. அதைத் தாண்டி யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

மறுநாள் சாயங்காலம் நான் வெற்றிலைக் கட்டு ஏற்றிவிடப் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். உங்கள் அம்மா பழைய ஈயச் சட்டியில் மருந்தைப் பிசைந்து உருண்டை பிடித்து, பூவரச இலை பறித்து, கொடிக்காலில் வைத்துவிட்டு வந்தாள். முதலில் நாலு மூலை, அப்புறம் வாய்க்கால் ஓரம். மூலையில் வைக்கச் சொல்லி அவள் தம்பி சொல்லவில்லை. மாவு உருண்டையும் இலையும் கையில் இருந்தால் அந்தத் தோட்டத்தில் அவள் கால் மூலைக்குத்தான் போகும். இத்தனை வருஷப் பழக்கம்.

விடிந்தது. நாயை அவிழ்த்துவிட்டேன். வழக்கம்போல் கொடிக்காலைச் சுற்றப் போனது.

நான் ஏணி போட்டு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுகிற நேரம். வாசல் பக்கம் உங்கள் அம்மா கத்துகிற சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் நாய் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நிற்கிறதென்றா சொல்வது? நாலு காலையும் விறைப்பாக விரித்து வைத்துக்கொண்டு நடுங்குகிறது. வாயில் நுரை. நூல் நூலாக எச்சில் ஒழுகுகிறது. கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறது. ஒரு வாளி நகர்ந்த சத்தத்துக்கே தூக்கிப் போட்டாற்போல் துள்ளியது. அப்படியே பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொள்ள ஆரம்பித்தது.

பெரியவளே, உங்கள் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். நீ உள்ளேயிருந்து, நாயை உள்ளே கூப்பிடு என்று அழுதுகொண்டிருந்தாய்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொடிக்கால்காரர் வந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். கையில் மூங்கில் கம்பு. நாயைப் பார்த்தார்.

"தம்பி, தள்ளிக்க. இது வெறி."

"இல்லண்ணே, காலையில நல்லாத்தான இருந்துச்சு."

"காலையில நல்லாத்தான் இருக்கும். நொரையப் பாரு, கண்ணப் பாரு. நீ வீட்டுக்குள்ள போ. நான் பாத்துக்கிறேன். ஒரே அடி, அதுக்கும் தெரியாது."

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"எத்தன நேரம்? எந்திரிச்சு ஓடுனா யார் பிடிக்கிறது? பச்சப் பிள்ள இருக்குற வீடு."

அவர் பொல்லாதவர் இல்லை, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய கூடப் பிறந்த தம்பி இளவயதில் வெறிநாய் கடித்துச் செத்துப்போனவர். "என் தம்பி கெடந்த கெடையப் பாத்தவன் நான். வாய்க்கால்ல தண்ணி ஓடுற சத்தத்துக்கே துடிச்சான். உன் பிள்ளைக்கு அது வேணுமா?" என்றார். உள்ளே நீ அழுகிற சத்தம். வெளியே நாய் உதைத்துக்கொள்கிற சத்தம். அடித்துவிடட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அப்போது நாய் வாந்தி எடுத்தது.

அண்ணன் கம்பால் அதைக் கிளறினார். "பாரு, மண்ணு, சருகு, என்னத்தையெல்லாம் தின்னுருக்கு. வெறி வந்தாத்தான் இப்படிக் கண்டதையும் திங்கும்."

நான் குனிந்து பார்த்தேன். "மண்ணு இல்லண்ணே. தவிடு மாதிரி இருக்கு. இலை கெடக்கு."

உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக உங்கள் அம்மா கேட்டாள். "என்னங்க, என்ன இலை?"

"பூவரச இலை."

அப்புறம் தாழ்ப்பாள் திறந்தது. உன்னை உள்ளேயே விட்டுக் கதவை வெளியில் சாத்திவிட்டு அவள் கொடிக்காலுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் இலை. ஒரு கையிலிருந்த இலையை முதலில் நீட்டினாள்.

"இது வாய்க்கா ஓரத்துல வச்சது. பாருங்க, பளபளன்னு கோடு. நத்தை வந்து போயிருக்கு. உருண்டை பாதி அப்படியே இருக்கு." மற்றக் கையை நீட்டினாள். "இது மூலையில வச்சது. கோடும் இல்ல, தவிடும் இல்ல. கழுவி வச்ச மாதிரி இருக்கு. நாலு மூலையும் இப்படித்தான். ஒரு மூலையில இலையையே காணோம். நாய்தாங்க தின்னுருக்கு. சாமிக்கு வச்சதுன்னு நெனச்சு தின்னுருக்கு."

அண்ணன் அந்த இலையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "ஏம்மா, நத்தைக்கு வைக்கிற மருந்து நாயக் கொல்லுமா? நத்தை எத்தாத்தண்டி, நாய் எத்தாத்தண்டி?"

"எனக்குத் தெரியலண்ணே. ஆனா அது வெறின்னும் உங்களுக்குத் தெரியாதுல்ல? அடிச்சுப் போட்டுட்டா அப்புறம் எதுவுமே தெரியாது. பிள்ள தெனமும் அது மேல விழுந்து விளையாடுறா. வெறியா, மருந்தான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. நாயை அடித்துக் கொன்றுவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நாங்கள் இரண்டு ஆம்பிளையும் நினைத்துக்கொண்டிருந்தோம். கொன்றுவிட்டால் கேள்வி மட்டும் வீட்டுக்குள் தங்கிவிடும் என்பது அவளுக்குத்தான் பட்டது.

வெற்றிலை கிள்ள வந்திருந்த பெண்களில் ஒருத்தி புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். விஷம் தின்ற மாட்டுக்கு ஊற்றுகிற வழக்கம். நாயின் பல் இறுகிப்போய் இருந்தது. கிட்டப் போக யாருக்கும் தைரியமும் இல்லை. அதனால் ஊற்றவில்லை. அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

மாட்டாஸ்பத்திரி சைக்கிளில் போகிற தூரம்தான். நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், அதுவும் நுரை தள்ளுகிற நாயை. வெற்றிலைக் கூடை ஒன்றை எடுத்துச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன். ஈரச் சாக்கை நாயின் மேல் போட்டு, சாக்கோடு சுருட்டித் தூக்கிக் கூடைக்குள் வைத்தேன். சாக்கு ஈரத்தைத் தாண்டி அதன் உடம்புச் சூடு கையில் தெரிந்தது. மிச்சப் பொட்டலத்தையும் இரண்டு இலைகளையும் உங்கள் அம்மா துணியில் முடிந்து கொடுத்தாள்.

"நானும் வரேன்" என்றார் அண்ணன். "வழியில எந்திரிச்சா?" கம்பையும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், வேறு என்னவோவும் வரும். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறேன். பின்னால் அடிக்க ஓங்கிய கம்போடு அவர். எதிரே வந்த வண்டிக்காரர், "என்ன மாமா, வெத்தலைக்குப் போலீசு காவலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கூடை ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் அண்ணன் என்னைத் திட்டினார். "கூடை கட்டுற லட்சணமா இது? வெத்தலைக் கட்டு எப்படித்தான் ஊர் போய்ச் சேருதோ." கம்பைக் கூடைக்கு அடியில் குறுக்கே கொடுத்து ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை அப்படியேதான் வந்தார்.

டாக்டர் வெளி ஜில்லாக்காரர், சின்ன வயசு. ஒரு பசு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கூடையைப் பார்த்ததும், "என்னய்யா, கோழியா?" என்றார். சாக்கை விலக்கினதும் முகம் மாறிவிட்டது.

"யாரையாவது கடிச்சுதா? காயம் பட்ட இடத்துல நக்குச்சா?"

"இல்லய்யா."

"கையைக் காட்டுங்க." இரண்டு பேர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டு, கீறல் எதுவும் இருந்தா இப்பவே சொல்லுங்க. அதுக்கு என்கிட்ட நிக்கக் கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

இல்லை என்றோம். அப்புறம்தான் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நாயின் வாய்ப் பக்கம் குனிந்தார். "வாடை தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது. புளித்த பழமும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாடை.

"வாயில ஏதாவது ஊத்துனீங்களா?"

"புளித்தண்ணி ஊத்தலாம்னாக. பல்லு தெறக்கல, ஊத்தலைய்யா."

"ஊத்தியிருந்தா நுரையீரலுக்குள்ள போயிருக்கும். இழுப்பு வர்ற நாய்க்கு வாய் வழியா எதையும் கொடுக்கக் கூடாது. மோர் ஆகட்டும், எண்ணெய் ஆகட்டும், தண்ணியே ஆகட்டும்."

இந்த விஷத்துக்கு மாற்று மருந்தென்று தனியாக ஒன்று கிடையாது, இழுப்பை அடக்கி, உடம்புச் சூட்டைக் குறைத்து, உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டார். நாய் மெல்லத் தளர்ந்தது. ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றினார். நாய்க்கு அப்படி ஏற்றி அதுவரை நான் பார்த்ததில்லை. பாட்டிலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். அண்ணன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாட்டிலை வாங்கிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஈரத் துணியால் நாயின் வயிற்றையும் பாதத்தையும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நின்றுகொண்டே அண்ணன் கேட்டார். "டாக்டரய்யா, அப்ப வெறி இல்லையா?"

"மருந்துதான்னு நினைக்கிறேன். வாடை, தவிடு, இலை எல்லாம் ஒத்துப்போகுது. ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணமாட்டேன். பொழைச்சா பத்து நாள் கட்டி வச்சுப் பாருங்க. வெறியா இருந்தா அதுக்குள்ள நாய் இருக்காது. பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க."

"தண்ணி வச்சுப் பாத்தா தெரிஞ்சிராதா? வெறின்னா தண்ணியக் கண்டு பயப்படுமே?"

"அது மனுஷனுக்கு. நாய் வெறியிலயும் தண்ணி குடிக்கும். அதை வச்சு முடிவு பண்ணாதீங்க."

அண்ணன் பாட்டிலை மறு கைக்கு மாற்றித் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெற்றிலை அடுக்குகிற கொட்டகையில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கி அங்கே கிடத்தினோம். வெளிச்சமும் சத்தமும் பட்டால் மறுபடி இழுப்பு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உங்கள் அம்மா அம்மியில் அரைக்கிறதை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் மிளகாய்ப்பொடிக் குழம்பு வைத்தாள். உன்னை உன் அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். போகமாட்டேன் என்று நீ தரையில் புரண்டதை அத்தை இன்றைக்கும் சொல்லுவாள்.

முதல் ராத்திரி தாண்டினது. மறுநாளும் உடம்பு அங்கங்கே துடித்தது, ஆனால் விட்டுவிட்டுத்தான். அதற்கு அடுத்த நாள் தலையைத் தூக்கியது. தள்ளி நின்று நீளக் கம்பால் தண்ணீர்ச் சட்டியை நகர்த்தி வைத்தோம். மூக்கால் தேடிக் கண்டுபிடித்துக் குடித்தது. ஏன் மூக்கால் தேடியது என்று அப்புறம்தான் புரிந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்தபோது தூணில் போய் இடித்தது, கூடையில் இடித்தது. கண் தெரியவில்லை. நான் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். இந்த மருந்தில் சிலதுக்கு அப்படி ஆவது உண்டு, பெரும்பாலும் திரும்பிவிடும், பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர்.

உங்கள் அம்மாவுக்கு அந்த நாட்களில் வாயே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, "சாமி பேரச் சொல்லி வைக்கிற எடத்துல வெஷத்த வச்சா வேற என்ன ஆகும்" என்று ஒரு மாதிரி பேசினார்கள். கொடிக்காலில் வைத்த அத்தனை உருண்டையையும் நாய் விழுந்த அன்றைக்கே அவள் பொறுக்கிக் குழி வெட்டிப் புதைத்தாள். ஈயச் சட்டியைப் பழைய பாத்திரக்காரனுக்குக்கூடப் போடவில்லை, அதையும் நசுக்கிக் குழியிலேயே போட்டாள்.

அண்ணன் தினமும் வந்து பார்த்தார். முதல் நாட்களில் கம்போடு வந்து சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு கம்பில்லாமல் வந்தார். ஒரு நாள் நாய் தட்டுத் தடுமாறி அவர் குரல் வந்த பக்கம் வாலை ஆட்டியது. "என்னையப் பாத்து வால ஆட்டுது பாரு, கொல்ல வந்தவன்னு தெரியாம" என்றார். உங்கள் அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். "அதுக்குக் கண்ணு தெரியலண்ணே, தெரிஞ்சிருந்தா ஆட்டிருக்காது" என்றாள். "அதுவும் சரிதான் ஆத்தா" என்றார்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. நாய் சாகவில்லை. பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வெயிலில் நிழலசைந்தால் தலையைத் திருப்பும். நான் கயிற்றை அவிழ்த்தேன். உன்னை அத்தை வீட்டிலிருந்து கூட்டிவந்தோம். நீ ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது உங்கள் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இதை எதற்காக எழுதுகிறேன் என்றால், நீங்கள் டவுனில் குடியிருக்கிறீர்கள், தொட்டியில் ரோஜா வைக்கிறீர்கள். நத்தை உங்களையும் தேடி வரும். கடையில் நத்தைக்கென்று குருணை மாதிரி விற்பார்கள். அதிலும் தவிடோ மாவோ இனிப்போ இருக்கும், இல்லாவிட்டால் நத்தை தின்னாது. நத்தைக்கு ருசிப்பது நாய்க்கும் ருசிக்கும், பூனைக்கும் ருசிக்கலாம், கைக்குழந்தைக்கும் ருசிக்கலாம். வாங்காமல் இருந்தால் உத்தமம். எங்கேயாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால், நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மிச்ச மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். வெறியோ என்று சந்தேகம் வந்தால் முதலில் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், கடியோ கீறலோ இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்குமேல் எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் நத்தையைக் கையால்தான் பொறுக்கினோம். விடிகாலையில் ஈரச் சாக்கை விரித்து வைத்தால் அதற்கு அடியில் வந்து சேர்ந்திருக்கும். சுரண்டி உப்புத் தண்ணீரில் போடுவோம். வெற்றிலையில் கொஞ்சம் நஷ்டம்தான்.

உங்கள் மாமன் அடுத்த மாதம் மலையிலிருந்து இறங்கினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வரும்போதே இன்னொரு பொட்டலத்தோடு வந்தார். "எப்படிக்கா, ஒச்சு போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். உங்கள் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அழவில்லை, குற்றம் சொல்லவில்லை, வரிசையாகச் சொன்னாள். நாய் வாசலில் படுத்திருந்தது. மாமன் கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடுக்கமா? நொரையா?"

"ஆமாலே."

"சத்தம் கேட்டா துள்ளுச்சா?"

"ஆமா. ஏன் கேக்குற?"

கையைத் தட்டில் உதறினார். "மேல காவக்காரர் நாயி ஒண்ணு போன மழைக்கு இப்படித்தான் செத்துச்சு. பாம்பு கடின்னுட்டாக. அப்புறம் லயத்துல ஒரு நாய்க்குட்டி. அதுவும் பாம்புதான்னோம். ஒரு வாரமாப் பாம்பத் தேடிப் பொதரெல்லாம் வெட்டுனோம் மச்சான். நாத்தங்காலுக்கு மருந்து வச்ச மறுநாள்தான் ரெண்டும் செத்துச்சு. யாருக்கும் தோணல."

லயம் என்பது தோட்டத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற வீடுகள். அவர் எழுந்து கை கழுவினார். கொண்டுவந்த பொட்டலத்தை மறுபடி துண்டில் முடிந்தார். நாய்ப் பக்கம் போய் அதன் மடங்கின காதை ஒரு தடவை தடவிவிட்டு, செருப்பை மாட்டினார்.

"எங்கலே கெளம்பிட்ட? இப்பத்தான வந்த? கறி எடுக்கச் சொல்லிருக்கேன், இருந்து நாளைக்குப் போலே" என்றாள் உங்கள் அம்மா.

"குமுளி பஸ்ஸு இப்ப ஒண்ணு இருக்குக்கா. நாளைக்குச் சாயங்காலம் நாத்தங்காலுக்கு மருந்து வைக்கிற மொறை. மருந்து கலக்குற எடமும் லயமும் பக்கம் பக்கம். அங்கன பிள்ளைகளும் நாய்க்குட்டிகளும் ஒண்ணாத்தான் உருளும்."

தெரு முனை திரும்புகிறவரை நடந்து போனார். பஸ் ஹாரன் கேட்டதும் ஓட ஆரம்பித்தார்.